இரண்டாம் கவுண்டரின் கேள்வி

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவளுக்கு இரண்டாம் கவுண்டர். சொத்தை எழுதிக் கொடுக்க வருபவர் கையெழுத்துப் போடுமுன் அவள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "யாரும் வற்புறுத்தலையே, மனசாரத்தானே எழுதிக் குடுக்கிறீங்க?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அழுத்தந்திருத்தமாகக் கேட்டாள். பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு பெரியவர் "மனசார இல்லைம்மா" என்று சொல்லிவிட, பத்திரம் அப்படியே திரும்பிப் போனது. பிறகு கூட்டம் அவளைப் பழக்கிவிட்டது. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, தலை நிமிராமல் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். எதிரில் ஒரு தலை ஆடும். முத்திரை விழும்.

அப்பா போன பிறகு, அவர் எழுதி வைத்தபடி, வீடு அவளுக்கும் தம்பிக்கும் பொது. அவன் கீழே, மனைவி மக்களோடும் அம்மாவோடும். மாடியறை அவளுடையது. அந்த வீட்டில் முதல் பட்டம் அந்த அறையில் படித்துத்தான் வந்தது. படித்த மேசை இன்னும் ஜன்னலடியில் கிடந்தது.

"இடிச்சுக் கட்டணும்னா வீடு ஒருத்தர் பேர்ல இருந்தாத்தான் தோதுக்கா," என்றான் தம்பி. "உன் பங்கை விட்டுக் குடுத்து ஒரு கையெழுத்துப் போடு. உன் ரூம் எங்கே ஓடிப்போகப் போகுது?"

புது வீட்டின் வரைபடத்தை அவள் விரித்துப் பார்த்தாள். செருப்பு வைக்கக்கூட இடம் குறித்திருந்தார்கள். அவளுக்கு அறை இல்லை.

"வரைஞ்சவர் மறந்திருப்பார் அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"இருக்கிறது ஒரே தம்பி. அவன்கிட்டப் போய் மல்லுக்கு நிக்காதே," என்றாள் அம்மா.

வீட்டில் அவளுக்கு வாய் எழவில்லை. எழாத வாயை அவளே திட்டிக்கொண்டாள். பிறகு ஒரு வழி தெரிந்தது. கவுண்டரில் கேட்பார்களே, அங்கே "இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும். சண்டையே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

தன் பத்திரத்தைத் தானே பதிய முடியாது. அன்று அவள் நாற்காலியில் மூன்றாம் கவுண்டர்க்காரர் உட்கார்ந்தார். உடம்பைப் பார்த்து எல்லோரும் அவரை 'பீரோ' என்பார்கள். மறுபக்கம் நின்றபோதுதான் கவுண்டர் இவ்வளவு உயரம் என்பது அவளுக்குத் தெரிந்தது. விளிம்பு முழங்கைகள் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது.

"கேமராவைப் பாத்துக் கொஞ்சம் சிரிங்க மேடம். காலத்துக்கும் இந்த மூஞ்சிதான் பத்திரத்துல இருக்கும்," என்றார் பீரோ. படம் எடுத்ததும் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "சார், கேக்கலையே."

"எதை?"

"அந்தக் கேள்வியை."

பீரோ குலுங்கிச் சிரித்தார். "உங்களுக்கேவா? உங்களை வற்புறுத்த இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

"நல்லாச் சொல்லுங்க சார். வீட்லயும் அக்கா வெச்சதுதான் சட்டம்," என்றான் தம்பி.

"சரி, கேட்டாப் போச்சு." பீரோ தொண்டையைச் செருமிக்கொண்டு தலையைக் குனிந்தார். அவள் குரலிலேயே, அவள் இழுக்கும் இழுப்பிலேயே, ஒரே மூச்சில் கேட்டார்: "யாரும் வற்புறுத்தலையே மனசாரத்தானே எழுதிக் குடுக்கிறீங்க..."

அலுவலகமே சிரித்தது. அச்சு அசல் அவளேதான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கு நுனியில் வைத்திருந்த சொல்லை எடுப்பதற்குள் தலை தானாக ஆடியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த முத்திரைக்குக் கை போய்விட்டிருந்தது. "சீக்கிரம் ஆகட்டும்மா," என்றார் வரிசையில் நின்றவர்.

கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாடியறைக் கதவு திறந்திருந்தது. மேசையை நகர்த்திவிட்டுக் கொத்தனார் சுவரை அளந்துகொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லை.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா," என்றார்.

பையைத் தோளிலிருந்து இறக்காமலே டேப்பின் முனையைச் சுவரோடு வைத்துப் பிடித்தாள்.