சரிபார்த்தவர் கையொப்பம்

குறையக்கா என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் வாசல் காவலாளி முதல் பதிவாளர் வரை எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. முதுகலைச் சேர்க்கைப் பிரிவில் மூன்றாம் எண் ஜன்னல் அவளுடையது. கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, அதற்குப் பின்னால் அவள் முகம், முகத்துக்குக் கீழே மேஜை, மேஜைமேல் இரண்டு ரப்பர் முத்திரைகள். பச்சை மையில் ‘நிறை’. சிவப்பு மையில் ‘குறை’. பச்சை மைப்பெட்டி ஒன்று வாங்கினால் இரண்டு வருஷம் வரும். சிவப்பு மைப்பெட்டிக்கு அவள் மாதா மாதம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, தாழ்வாரத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். கடைசித் தேதி முடிந்த பிறகுதான் உறைகளைப் பிரிப்பார்கள். பிரிக்கிறவள் குறையக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். புகைப்படத்தில் இடது காது தெரியவில்லையா, குறை. பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து பெயருக்கு முன்னால், விண்ணப்பத்தில் பின்னால், குறை. தாள்களை நூலால் கட்டச் சொன்னால் கம்பி ஊசி அடித்திருக்கிறார்களா, அது குறையிலும் பெரிய குறை. பத்தொன்பது வருஷத்தில் அவள் கையால் திரும்பிப் போனவர்களைச் சேர்த்து வைத்தால் இன்னொரு பல்கலைக்கழகமே திறந்திருக்கலாம்.

பிறகு அவர்கள் ஜன்னலுக்கு வருவார்கள். கெஞ்சுவார்கள், கத்துவார்கள், சிலர் அம்மாவையும் கூட்டி வருவார்கள்.

“காது தெரியலன்னா என்னம்மா, காதாலயா படிக்கப் போறேன்?”

“விதி அப்படி” என்பாள் குறையக்கா.

அவள் சொன்ன விதி வேறு, அவர்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு போன விதி வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

முன்பெல்லாம் குறை தீர்க்க மூன்று நாள் அவகாசம் உண்டு. விட்டுப்போன தாளைக் கொண்டுவந்து சேர்க்கலாம். அந்த மூன்று நாளும் அலுவலகம் சந்தைக்கடையாக இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்பு குறையக்கா ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினாள். ‘முழுமையான விண்ணப்பம் என்பது முதல் முறையிலேயே முழுமையாக இருப்பதாகும். அவகாசம் அளிப்பது அலட்சியத்தை ஊக்குவிப்பதாகும்.’ மேலிடத்துக்கு இந்த இரண்டு ‘ஆகும்’களும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்று நாளை ஒழித்தார்கள். இன்ன காரணம் என்று கடிதத்தில் சொல்வதையும் கூடவே ஒழித்தார்கள். அவளுக்குத் தங்கநிற ஓரம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. தையல்காரரான அவள் கணவர் அதற்குச் சட்டம் போட்டு, கூடத்தில் தன் தையல் இயந்திரத்துக்கு மேலே, அளவு நாடா பிடித்துப் பார்த்து நேராக மாட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் கெட்டவள் அல்ல. கணக்குப் பைத்தியம், அவ்வளவுதான். இளங்கலைக் கணிதத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். மேலே படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வாரத்தில் அப்பா படுத்துவிட்டார், அடுத்த வாரம் இந்த வேலைக்கு உத்தரவு வந்தது. ‘ஒரு வருஷம் பார்த்துட்டுப் படிக்கப் போகலாம்’ என்று வந்து உட்கார்ந்தவள். இன்னமும் சாப்பாட்டு இடைவேளையில், கழித்துப் போட்ட விண்ணப்பங்களின் முதுகில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு கணக்கு வந்துவிட்டால் அன்று ஜன்னலில் இரண்டு பேருக்காவது சிரித்த முகம் காட்டுவாள்.

முதுகலைக் கணிதத்தில் பணியில் இருப்பவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. ஆறு வருஷமாக யாரும் கேட்காமல் காலியாகவே கிடந்தது. வகுப்பு தொடங்கும் நாளில் நாற்பத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. அந்த வருஷத்து வகுப்பு தொடங்கும் நாளில் குறையக்காவுக்கு நாற்பத்தைந்து நிரம்ப இரண்டு மாதம் பாக்கி இருக்கும். போட்டி கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் போதும், இடம் அவளுக்கு. இந்த வருஷம் விட்டால் இந்த ஜன்மத்தில் கிடையாது.

“முழுமையா இருந்தாப் போதுமா?” என்று கணவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப உனக்குக் கிடைச்ச மாதிரிதான். உன்னை விட்டா இந்த ஊர்ல முழுமை யாரு?”

அவள் தயாரித்த அழகைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் சரிபார்ப்புப் பட்டியல் அவளே தட்டச்சு செய்தது. மொத்தம் பதினான்கு இனங்கள். ‘விண்ணப்பதாரர் கையெழுத்து’ என்று பதினைந்தாவதாக ஒன்று சேர்க்கலாமா என்று கூட வேலை பார்க்கும் சின்னவள் ஒருமுறை கேட்டாள். சின்னவள் என்றால் மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்து, குறையக்காவிடம் திட்டு வாங்கியே வேலை பழகிய உதவியாளர்.

“கையெழுத்துப் போடக்கூடவா சொல்லித் தரணும்? அதுக்கு எதுக்கு மேற்படிப்பு?” என்றாள் குறையக்கா. பட்டியல் பதினான்கோடு நின்றது.

புகைப்படக் கடையில் நான்கு தடவை உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காது ஒளிந்துகொண்டது. ஐந்தாவது தடவை கடைக்காரர், “அம்மா, முகத்தை விட்டுட்டுக் காதை மட்டும் எடுத்துத் தரட்டுமா?” என்று கேட்டேவிட்டார்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் தன் பழைய பேராசிரியரைத் தேடிப் போனாள். ஓய்வு பெற்று, வீட்டுத் தோட்டத்துச் செடிகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். எந்தப் பேராசிரியரும் வேறு எதுவும் சொன்னதாக வரலாறு இல்லை. குறையக்கா எழுத உட்கார்ந்தாள். ‘நான் கண்ட மாணவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் இவர் ஒருவர்.’ பத்தொன்பது வருஷமாக அவள் பிரித்த அத்தனை கடிதத்திலும் இந்த வரி இருந்தது. வருகிறவர்கள் எல்லோருமே முதல் ஐந்து சதவீதம் என்றால் மீதித் தொண்ணூற்றைந்து சதவீதம் எங்கேதான் போய்த் தொலைந்தது என்று கணக்குப் படித்த மனசு கேட்டது. கூச்சப்பட்டுக்கொண்டு ஆறு சதவீதம் என்று போட்டாள். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து, ஆறை அடித்து ஐந்தாக்கினார்.

“ஆறுன்னா உண்மையோன்னு நெனச்சுடுவாங்கம்மா.”

அடித்தல் திருத்தல் இருந்தால் கடிதம் செல்லாது. புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி பேருந்து ஏறினாள்.

‘ஏன் இப்படிப்பைப் படிக்க விரும்புகிறேன்’ என்ற இரண்டு பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டாள். வருகிற கட்டுரை எல்லாமே ‘சிறு வயது முதலே எனக்கு இத்துறையில் தணியாத ஆர்வம்’ என்றுதான் தொடங்கும். ‘அப்படித் தணியாம எரிஞ்சா தீயணைப்புக்குச் சொல்ல வேண்டியதுதானே’ என்று சின்னவளிடம் கேலி செய்திருக்கிறாள். இப்போது அதே வரிதான் அவள் பேனாவிலும் வந்து நின்றது.

“கணக்குப் போட்டா உனக்குச் சந்தோஷமா இருக்கும், அதை எழுதேன்” என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

“அப்படியெல்லாம் எழுதக் கூடாது.”

“ஏன்?”

“அது உண்மை மாதிரி இருக்கும்.”

கடைசியில் சிறு வயதையும் எழுதினாள், தணியாத ஆர்வத்தையும் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் நிர்வாகச் சீர்திருத்தத்தில் தன் பங்கு என்று அந்த மூன்று நாளை ஒழித்த கதையை விஸ்தாரமாக எழுதினாள். பாராட்டுச் சான்றிதழின் நகலைப் பதினோராவது இணைப்பாக வைத்தாள்.

தாழ்வாரத்தில் பெட்டி வைத்த முதல் நாள். சாப்பாட்டு இடைவேளையில், தன் மேஜையில், தன் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை நிரப்பினாள். பதினான்கு இனத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நூலால் கட்டி, நெளிவு சுளிவில்லாமல் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, உறையை ஒட்டி, எழுந்து போய்ப் பெட்டியில் போட்டாள். முதல் உறை அவளுடையது. வரிசை எண் ஒன்று. அன்று மாலை அந்த உறை அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குள் போய், நாற்பது நாள் அவள் முதுகுக்கு இரண்டடி தூரத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது. அந்த நாற்பது நாளும் அவள் ஜன்னலில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். இவளுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று காவலாளி விசாரித்தார்.

கடைசித் தேதி முடிந்தது. சொந்த விண்ணப்பத்தைச் சொந்தக் கையால் தொடக் கூடாது என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டு, வரிசை எண் ஒன்றைச் சின்னவளிடம் கொடுத்தார்.

கால் மணி நேரம் கழித்துச் சின்னவள் அவள் மேஜைக்கு வந்து நின்றாள். கையில் விண்ணப்பம். முகத்தில் ஈ ஆடவில்லை.

“அக்கா... கடைசிப் பக்கம்.”

“என்ன, கம்பி ஊசியா? நான் நூல்தானே கட்டுனேன்?”

“நீங்களே பாருங்கக்கா.”

கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் ‘விண்ணப்பதாரர் கையொப்பம்’. வலது பக்கம் ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும், சரிபார்த்தவர் கையொப்பம்’. இடது கட்டம் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. வலது கட்டத்தில், பத்தொன்பது வருஷமாக எங்கே போட்டுப் பழகியதோ அங்கே, குறையக்காவின் கையெழுத்து தேதியோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

அவள் தன் கையையே யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள். இந்தப் படிவத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அந்தக் கைக்குத் தெரியாது.

சின்னவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். “இப்பப் போட்டுடுங்கக்கா. நான் பாக்கலை. யாருமே பாக்கலை.”

குறையக்கா பேனாவை வாங்கினாள். வாங்கவில்லை என்று சொன்னால் பொய். மூடியைக் கழற்றி, இடது கட்டத்தின் மேலே கொண்டுபோய்விட்டாள். அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன மூளை வேலை செய்தது. இடது பக்கம் போட்டால் வலது பக்கத்தை என்ன செய்வது? அடித்தால் திருத்தல், செல்லாது. அடிக்காமல் விட்டால் தன் விண்ணப்பத்தைத் தானே சரிபார்த்ததாக ஆகும், அதைவிடச் செல்லாது. வேறு யாராக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகியிருக்கும். அவளுக்கு அரை நிமிஷம் போதும்.

“முத்திரையை எடு” என்றாள்.

“அக்கா!”

“சிவப்பு.”

“என்னால முடியாதுக்கா. வேணும்னா நீங்களே போடுங்க.”

“நான் எப்படிப் போடறது? நான் விண்ணப்பதாரர்டி” என்றாள்.

சின்னவள் அழுதுகொண்டே அழுத்தினாள். அப்போதும் முத்திரை கட்டத்துக்குள் நேராகவே விழுந்தது, பழக்கிய விதம் அப்படி.

நான்காம் நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அவள் அலுவலகத்திலேயே தட்டச்சு ஆகி, அவள் ஒட்டிய தபால்தலையோடு வந்த கடிதம். கணவர் வெட்டிக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு வாசித்தார். ‘தங்கள் விண்ணப்பம் முழுமையற்றது என அறிவிக்கலாகிறது. இது குறித்துக் கடிதப் போக்குவரத்து ஏற்கப்படாது.’

“ஏன்னு காரணம் போடலையே?”

“போட மாட்டோம்.”

“அதென்ன, போட மாட்டோம்?”

“காரணம் சொன்னா ஜனங்க திருப்பிக் கேப்பாங்க.”

“இப்படி ஈரமில்லாம எவன் எழுதுனான் இதை?” என்றார் அவர். அவள் தையல் இயந்திரத்துக்கு மேலே பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

“நான்கூடத்தான் முப்பது வருஷமா வெட்டறேன். தப்பா வெட்டிட்டா ஒட்டுப் போட்டாவது தெச்சுக் குடுப்பேன். துணி கொண்டு வந்தவங்களைத் துரத்த மாட்டேன்” என்றார்.

அன்றுதான் அவள் அழுதாள். படிப்புப் போனதற்காகப் பாதி. மீதி அழுகை, காதுக்காகவும் முதலெழுத்துக்காகவும் கம்பி ஊசிக்காகவும் ஜன்னலிலிருந்து திரும்பிப் போன முகங்களுக்காக. ஒரு முகம்கூட நினைவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஓர் அலுவலகக் குறிப்பு எழுதிக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்தாள். குறை தீர்க்க மூன்று நாள் அவகாசம் மீண்டும் தர வேண்டும், இன்ன குறை என்று கடிதத்தில் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார்.

“இதை ஒழிக்கச் சொன்னதும் நீங்கதானேம்மா?”

“ஆமா சார்.”

“அப்பவும் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது, அடுத்த கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வரும் என்று. அடுத்த கல்வியாண்டில் குறையக்காவுக்கு நாற்பத்தைந்தும் தாண்டிப் பத்து மாதம் ஆகியிருக்கும். கணிதத்தில் அந்த ஓர் இடம் ஏழாவது வருஷமாகக் காலியாகக் கிடந்தது. மூன்று நாள் அவகாசத்தை மீட்டுத் தந்ததற்காக மேலிடம் அவளுக்கு இன்னொரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. அதே அளவு, அதே தங்கநிற ஓரம்.

சான்றிதழைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சின்னப் படிவம் வந்தது. அதிலும் இரண்டு கட்டங்கள். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குறையக்கா இரண்டையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘வழங்கியவர்’ என்ற கட்டத்தை இடது கையால் மூடிக்கொண்டு, ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருஷம் தனக்கென்று அவள் சரியான இடத்தில் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.