ஃப்ரீசரில் இருந்த என் ஊசி

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வருவதில்லை. எனக்காகத்தான். கதவில் அதற்கென ஒரு காகிதமே ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அத்தர் தடவாமல் பள்ளிவாசலுக்குக் கிளம்பாத லால்பேட்டைக் குடும்பத்தில் பிறந்தவன், தினமும் அந்தக் காகிதத்தைத் தாண்டிக் கூச்சத்தோடு உள்ளே போகிறேன். "உனக்கு எதுதான் ஒத்துக்கொள்ளாது?" என்று பக்கத்து மேசை மேரி ஒருநாள் கேட்டாள். "நேற்று தக்காளி, இன்று வெயில், நாளைக்கு எதுவென்று தெரியாது" என்றேன். "வெயிலா, இந்த ஊரிலா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜோக் அடிக்கவில்லை.

நோயின் பெயர் மாஸ்ட் செல் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்கள், ஆபத்தே இல்லாதபோதும் மிரண்டுபோய் ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. தோல், குடல், மூச்சுக்குழாய் என்று எங்கும் இவை இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் வெடிக்கும். தடிப்புக்குத் தோல் டாக்டர், வயிற்றுப்போக்குக்குக் குடல் டாக்டர், படபடப்புக்கு இதய டாக்டர் என மூன்று வருடம் அலைந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் பெயர் மறந்துபோனதற்கு யாரிடம் போவது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே கோளாறு என்று கடைசியில் ஒரு டாக்டர் சொன்னார். வீட்டு நாய் வீட்டுக்காரனையே கடிக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா ஜுபைதாவின் மகளுக்கு நிக்காஹ் என்று போன வருடம் ஊருக்குப் போனேன். ஆபத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி இரண்டை அக்காவிடம் கொடுத்து, "இது என் உயிர், பத்திரம்" என்றேன்.

எங்கள் ஊர் விருந்தில் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்போம். எனக்கென்று வெறும் சோறு தனியாக வைத்திருந்தேன். அக்காவின் கணவர், என் மச்சான், விடவில்லை. பாசத்தில் என் மணிக்கட்டில் அத்தரைத் தேய்த்து, கையைப் பிடித்து இழுத்தார். "பொண்ணோட தாய்மாமன் நீ. சஹன்ல உக்காரலன்னா சனம் என்னா பேசும்? ஒரு வா துன்னு, ஒண்ணும் ஆவாது."

உட்கார்ந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கத்திரிக்காய் போட்ட தால்ச்சாக் குழம்போடு நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். உள்ளங்கை அரித்தது. முகம் வீங்கியது. வயிறு முறுக்கியது. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. "ஊசி" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். இரண்டு ஊசியிலும் பனி படிந்திருந்தது. கறிப் பொட்டலங்களுக்கு நடுவே, ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். "அத்தாவோட சுகர் ஊசிய ஃப்ரிட்ஜ்லதானேடா வைப்போம்? இது உயிர்னு சொன்னியேன்னு இன்னும் ஜில்லுனு வச்சேன்டா!" என்று அப்பாவின் இன்சுலினைச் சொல்லி அலறினாள். ஒன்றைத் தொடையில் அழுத்தினேன். உறைந்த மருந்து இறங்கவில்லை. இரண்டாவதும் இறங்கவில்லை. பத்திரமாக வைத்ததே என்னைக் கொல்லப் பார்க்கும் என்று எந்த மடையன் எதிர்பார்ப்பான்!

காட்டுமன்னார்கோயிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சை மீட்டார்கள். பிறகு சிதம்பரத்தில் சேர்த்தார்கள். மறுநாள் அக்கா வந்தாள். கட்டிலருகே வராமல் வாசலிலேயே நின்றாள். மணப்பெண்ணின் தாய், தலையில் பூகூட இல்லை.

"நாங்களே ஒனக்கு ஒத்துக்கலியாடா தம்பி?"

மாஸ்ட் செல் பற்றி எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அக்காவுக்குக் கட்டிலில் நகர்ந்து இடம் மட்டும் விட்டேன்.

நான் அயர்லாந்து திரும்பும் நாளில் அக்கா வீட்டிலேயே சஹன் வைத்தாள். பக்கத்தில் எனக்கு ஒரு சின்னத் தட்டு, அதில் அப்போதுதான் வடித்த வெறும் சோறு. மச்சான் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, அத்தர் இல்லாத சட்டையோடு வந்தார். உட்காரவில்லை. "கிட்ட உக்காரலாமா மச்சான்?" என்று கேட்டார். மேரி கேட்பாள் அப்படி. என் மச்சான் என்னிடம் அப்படி அனுமதி கேட்டதே இல்லை.

"உக்காருங்க" என்றேன்.

எல்லோரும் அவரவர் பக்கத்தை உண்டு முடித்தார்கள். சஹனில் என் முன்னால் இருந்த சோறு மட்டும் கை படாமல் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை.