வடக்கே தலைவைக்க மறுத்த சடையன்

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் துண்டை உதறி எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும், கேட்டாவது வையுங்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டர். மல்லாக்க, குப்புற, ஒருக்களித்து என்று டாக்டர் சொல்கிறபடி ஆட்களைப் படுக்க வைப்பது என் வேலை. படிப்பு இல்லை, ஆனாலும் திரையில் வலது கிட்னிக்கு எந்த எழுத்து, இடதுக்கு எந்த எழுத்து என்று பார்த்தே பழகியிருந்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து சடையன் வந்தார், என் வயதுதான், வந்ததும் மடியிலிருந்து எனக்கு நாலு கடுக்காய் எடுத்துக் கொடுத்தார், நல்ல மனுஷன். இடது விலாவுக்குக் கீழே வலி. கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தது.

"வடக்க தலை வெக்க நான் இன்னா பொணமாய்யா?"

எனக்கும் நியாயமாகப் பட்டது. தலையணையை மாற்றிப் போட்டுத் தெற்கே தலைவைத்துப் படுக்க வைத்தேன். தப்பு அங்கேதான். டாக்டர் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்காருவார், அவர் கைக்குக் கிட்டத்தில் இருப்பது எப்போதும் வலது பக்கம், அன்றைக்கு மட்டும் இடது. போனில் பேசிக்கொண்டே கருவியை வைத்தார், கெட்டுப்போன கிட்னி தெரிந்தது, பழக்கத்தில் வலதுக்கான எழுத்தைப் போட்டுவிட்டார்.

"சார், அது இடதுங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

வேறெங்கோ ஆஸ்பத்திரியில் நல்ல கிட்னியை அறுத்து எடுத்தார்கள். எட்டாம் நாள் சடையன் போய்விட்டார். ஸ்கேன் எடுக்கையில் அப்பாவை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வைத்தேன் என்று அவர் மகன் வந்து என்னைக் கேட்டான். டாக்டர் முகத்தைப் பார்த்தேன், "வடக்கதாம்பா தலை வெச்சாரு" என்று பொய் சொன்னேன். வடக்கே என்றால் டாக்டர் போட்ட எழுத்தில் தப்பில்லை என்று ஆகிவிடுமே.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் டாக்டருக்கே விலாவில் வலி. நான்தான் படுக்க வைத்தேன். ஸ்கேன் பார்க்க வந்த டாக்டரம்மா அவரை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குப்புற என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சார், வலது கிட்னி எப்ப எடுத்தீங்க?"

"இன்னாம்மா வெளையாடறியா? போன வருஷம் ரெண்டும் இருந்துச்சே!"

தையல் இல்லை, தழும்பு இல்லை, கிட்னியும் இல்லை. அந்தம்மா திரையைப் பார்த்து முழித்தார்.

"உங்க பேரத்தான அடிச்சேன்? சடையன்னு வந்துக்கினு இருக்கே, யாருங்க அது?"

டாக்டர் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது.

அவருக்கு வந்தது அதோடு போச்சு. பொய் சொன்னவன் நான் ஒருத்தன் பாக்கி. அன்றிலிருந்து நான் படுப்பதே இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். கண் அசந்தால் போதும், யாரோ என் இரண்டு தோளையும் பிடித்து, நோயாளியை நான் பிடிப்பேனே அதே பதமாக, மெதுவாக, வடக்கே தலை வரும்படி மல்லாக்கச் சாய்க்கப் பார்க்கிறார்கள்.