நூல் போட்ட கன்னமும் சம்பந்தி போட்ட குலவையும்

போன வருடம் தை மாதம், கொச்சி மட்டாஞ்சேரியில் என் மகளின் கல்யாணத்தில் நடந்தது இது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. பஜாரில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். கணவர் சரக்கு பார்க்கப் போய்விட்டால் கடையில் நான்தான் உட்காருவேன்.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் சோற்றைக் குறைத்து, நடையாய் நடந்து, நன்றாக இளைத்தேன். உடம்பு லேசாகிவிட்டது. முகம்தான் காலை வாரிவிட்டது. கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், தாடையோரம் சதை தொங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் "எந்து பற்றி சேச்சி, சுகமில்லே?" என உடம்புக்கு என்ன ஆச்சென்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல், பிறந்ததிலிருந்து இல்லாத ஆரோக்கியத்தோடு நான் இருக்கிறேன். ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது. எரிச்சல் வருமா வராதா?

வைட்டிலா பக்கம் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் என்கிற ஜெல் ஊசி இருக்கிறது, தொங்குவதைத் தூக்கிப் பிடிக்கத் தோலுக்கடியில் போடும் நூல் இருக்கிறது, நாளாவட்டத்தில் அது தானாகக் கரைந்துவிடும் என்றார். ஊசியை மட்டும் வைத்துத் தூக்கப் பார்த்தால் முகம் பணியாரமாக உப்பிவிடுமாம். நூலை மட்டும் போட்டால் பள்ளம் பள்ளமாகவே இருக்குமாம். அதனால் எனக்கு இரண்டும் வேண்டும். முதலில் நூல், கன்னம் எங்கே நிற்கிறது என்று சில வாரம் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி. மகளின் கல்யாணம் வைகாசியில் என்று பேசியிருந்தோம். நாள்தான் நிறைய இருக்கிறதே என்று பொங்கல் முடிந்த கையோடு நூலைப் போட்டுக்கொண்டேன்.

"சேச்சி, மூணு ஆழ்ச்ச உறக்கெ சிரிக்கருது கேட்டோ" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். மூன்று வாரத்துக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, கடினமானதைக் கடிக்கக் கூடாது, வாயை அகலமாகத் திறக்கவே கூடாது. மீறினால் நூல் பிடியை விட்டு நகர்ந்துவிடும். கணவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு அம்மாக்காரி முகத்தைத் தூக்கிக்கொண்டாள் என்று தெரிந்தால், சொந்தக்காரர்கள் என்னை வறுத்தெடுத்துவிடுவார்கள்.

நாம் ஒன்று நினைக்க, தெய்வம் ஒன்று நினைத்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. திடீரென்று முன்கூட்டியே வந்து கப்பலேறச் சொல்லிவிட்டார்கள். போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். தையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். டாக்டர் சொன்ன மூன்று வாரத்துக்குள் அது வந்து விழுந்தது.

எங்கள் பக்கம் தாலி கட்டும்போது பெண்கள் குலவை போட வேண்டும். அதுவும் எங்கள் குடும்பத்தில் நான் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்வார்கள். யார் வீட்டுக் கல்யாணமானாலும் அதுதான் பல வருட வழக்கம். வாயைத் திறந்து நாக்கைச் சுழற்றாமல் குலவை எப்படி வரும்? பல் பிடுங்கியிருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். என் நாத்தனார் உடனே கிராம்பை நசுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வைப்பினிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள், வைப்பினில் கடை வைத்திருக்கிறார்கள். அவர் கையாலேயே சுட்ட முறுக்கு கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவர் ஏதோ சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் உதட்டைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரும்போது கலகலவென்று வந்தவர், போகும்போது என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மகள் முகம் வாடி என்னிடம் வந்தாள். "அம்மா, உங்களுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லையோன்னு வைப்பின் அத்தைக்கு ஒரு சம்சயமாம், அவர் போன்ல சொன்னார். உள்ளதைச் சொல்லுங்க, என்ன பிரஷ்னம்?"

போகிற வீட்டில் கால் வைப்பதற்கு முன்பே மாமியார் மனத்தில் ஒரு முள். அதைத் தைத்தவள் பெற்ற தாயாகிய நான். பல்வலிதான் என்று மகளைத் தேற்றினேன். எனக்கே அது எடுபடவில்லை. அன்று முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. கன்னம் போனால் போகிறது, மேடையில் குலவை போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. குலவையை ஊருக்காகப் போடலாம், இவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா? பெண் அலங்காரம் செய்யும் அறைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கதவைச் சாத்தி, நூல், ஊசி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அங்கேயே கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏனுங் சம்பந்தி, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லங்? எம்பையனைத்தான் உங்களுக்குப் புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு நான் சோறு தண்ணி எறங்காம கெடந்தேனுங்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் கவலைப்படாதீர்கள், குலவை போட்டுவிடுவேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எங்கள் பெண்கள் எல்லோருடைய கண்ணும் என் மேல். "ஏளா, என்ன பாத்துக்கிட்டு நிக்க? எடு!" என்று நாத்தனார் முதுகில் இடித்தார். நான் மூச்சை இழுத்து வாயைத் திறக்கப் போனேன். எதிர்ப்பக்கம் நின்ற சம்பந்தியம்மா கையை நீட்டி என்னை அடக்கினார். அடக்கிவிட்டு, அவரே குலவை போட்டார்.

குலவையா அது! அவர்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. பாதியில் அடைத்துக்கொண்ட குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். நாதஸ்வரக்காரரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. முகம் சிவக்க, மூச்சு வாங்க, விட்டு விட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பெண்களும் சேர்ந்துகொள்ள, மண்டபமே அதிர்ந்தது. எனக்கோ அடக்க முடியாத சிரிப்பு. இரண்டு உள்ளங்கையாலும் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன். பெண்ணைக் கொடுக்கிற துக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

நூல் நகரவில்லை. பிறகு போய் ஊசியும் போட்டுக்கொண்டேன். இப்போது கடையில் யாரும் நலம் விசாரிப்பதில்லை, நேராக மிளகு விலைக்கு வந்துவிடுகிறார்கள். கண்ணாடியைப் பார்த்தால் எனக்கும் திருப்திதான். விஷயம் தெரிந்து நாத்தனார் கேலி செய்தார். கடைசியில் டாக்டர் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

மருமகன் கடலில் இருந்த அத்தனை மாதமும் என் மகள் வைப்பினில் மாமியாரோடுதான் இருந்தாள். தனியாக இருக்கிறாளே என்று ஒருநாளும் நான் தவித்ததில்லை. பழக்கமில்லாத ஒன்றை நாலு பேர் நடுவில் எனக்காகச் செய்து, ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று நின்றவர் கையில்தான் என் பெண்ணை ஒப்படைத்திருக்கிறேன் என்ற நிம்மதியில், இன்றும் நான் படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.