மணி அடித்தும் நிற்காத சண்டை

அன்புவழிபுரத்து ஜெனிதாவின் கணவர் லெஸ்லியும் அவருடைய தம்பி றெக்சனும் சேர்ந்து மல்யுத்தக் குழு ஒன்றை நடத்தினார்கள். அடி, பிடி எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நடிப்புத்தான். மணி அடிப்பது ஜெனிதா. திருவிழாக் காலத்தில் சம்பூர், மூதூர் என்று எல்லா இடமும் கூப்பிட்டார்கள். ரிக்கற் கிடைக்காத சனம் மதிலில் ஏறி நின்று பார்த்தது.

"ஒவ்வொருமுறையும் நான்தான் தோக்கவேணுமோ, அண்ணா?" என்று றெக்சன் ஒருநாள் கேட்டான்.

"சனம் வாறது நான் வெல்லுறதைப் பார்க்கத்தான்" என்றார் லெஸ்லி.

அடுத்த போட்டி இலங்கைத்துறையில் நடந்தது. அண்ணனின் கழுத்தை வளைத்த றெக்சனின் பிடி தளரவேயில்லை. லெஸ்லியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெனிதா மணியைத் திரும்பத் திரும்ப அடித்தாள். நடிப்பென்று நினைத்த சனம் விசிலடித்தது. அவள் மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் புகுந்து றெக்சனின் கையை இழுத்தாள்.

"தம்பி, விடுங்கோ! அவர் செத்துப்போவார்!"

றெக்சன் அவளை முன்பின் தெரியாதவன்போலப் பார்த்தான். பிறகுதான் விட்டான்.

லெஸ்லி பிழைத்துக்கொண்டார். குழு அன்றோடு கலைந்தது. றெக்சன் வவுனியாவுக்குப் போய்விட்டான். இப்போதும் யாராவது வாசல் படலையைத் தட்டினால், லெஸ்லி கதிரையைவிட்டு எழும்பமுன் ஜெனிதா ஓடிப்போய் யாரென்று பார்க்கிறாள்.