சென்சாருக்கு வைத்த சந்தனம்

தீப்பெட்டி, என் கீழே வேலை பார்க்கும் இசக்கியின் கையில் இருந்தது. தட்டில் சூடம். எதிரே போம் மெசின், வாழைக்கன்று கட்டி மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஆயுத பூசைக்கு ஆட்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் ஷெட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். என் மகளும் கைக்குழந்தையோடு நின்றாள்.

அப்போதுதான் பூ வாசத்துக்கு நடுவே பெட்ரோல் மாதிரி ஒரு வாடை எனக்குத் தட்டியது.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் விஷயம் புரியும். கங்கைகொண்டான் பக்கம் எங்கள் கம்பெனி. கடலோர வள்ளங்களுக்கு மீன் பெட்டி செய்வோம். நான் அங்கே மெயின்டனன்ஸ் போர்மேன். பெட்டியின் இரு சுவருக்கு நடுவே கெமிக்கலை ஊற்றினால் நுரையாய்ப் பொங்கி இறுகும். அந்த போம்தான் ஐஸை உருகாமல் காக்கும். பொங்க வைக்க ஒரு திரவம் சேர்ப்போம். அது ஆவியாகி மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்று அரசாங்கம் தடை போட்டது.

முதலாளி ரொம்ப நாள் முணுமுணுத்தார். "ஓசோன்ல ஓட்டை விழுந்தா என் ஷெட்டுக் கூரையா வே ஒழுகுது?" அந்தத் திரவத்தின் வரத்து நின்றதும் வழிக்கு வந்தார்.

மாற்றாக வந்தது சைக்ளோபென்டேன். வானத்துக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் தீப்பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையிலேயே தேங்கும். அதனால் முழங்காலுக்குக் கீழே ஆவியை மோந்து சைரன் அடிக்கும் சென்சார், தரையோரம் ஆவியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் மாட்டினோம். பழைய திரவம் லேசில் பற்றாது. அந்தத் தைரியத்தில் வருசா வருசம் மெசின் மூக்கிலேயே சூடம் காட்டிப் பழகிய ஆட்கள் நாங்கள்.

"எலே இசக்கி, தீப்பெட்டிய இங்கன கொடு," என்றேன். குலசை தசராவுக்கு மாலை போட்டு, சிவப்பு வேட்டியில் இருந்தான். திகைத்துப் போய்க் கொடுத்தான்.

"என்னவே ஆறுமுகம், பூசைய மறிக்கீரு?" முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "சென்சார்ல பச்சை லைட்டுதான எரியுது?"

பச்சைதான். இந்த வாடைக்கு அது சிவப்பாகியிருக்க வேண்டும். "எக்ஸாஸ்ட் சத்தத்தக் காணோமே, முதலாளி?"

"காத்துல சூடம் அணைஞ்சிரும்னு நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

குனிந்து சென்சாரைப் பார்த்தேன். அதன் வாய் நிறையச் சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம். ஆவி உள்ளே போக வழியே இல்லை. சந்தனம் அடைத்த மூடியைக் கழற்றியதும் சைரன் அலறியது.

"யாரும் சுவிட்சைத் தொடாதிய. போனைத் தொடாதிய. பிள்ளையளத் தூக்கிட்டுப் பைய வெளிய போங்க."

ஓட விடக் கூடாது. முட்டி மோதி, இன்னும் ஏற்றாத குத்துவிளக்கு சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரு பொறி பறந்தால் போதும். மகள் என்னைத் தாண்டிப் போகும்போது குழந்தையின் கொலுசு சிணுங்கியது. அந்தச் சத்தத்துக்கும் பயந்தேன்.

கடைசி ஆளும் வெளியேறிய பிறகு, வெளிச்சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் சுவிட்சைப் போட்டேன். அந்த மோட்டார் பொறி விடாத வகை. சைரன் அடங்குகிற வரைக்கும் ஒருவரையும் ஷெட் பக்கம் விடவில்லை. பிறகு பார்த்தால், பூசைக்காக மெசினைத் தேய்த்துத் துடைத்ததில் சைக்ளோபென்டேன் வரும் ஹோஸின் மூட்டு ஒன்று தளர்ந்து, காலையிலிருந்து சொட்டியிருக்கிறது.

முதலாளி கேட் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில், பூசைக்கு வந்திருந்த அவர் பேரன். "ஒத்தச் சூடத்துல எல்லாரும் போயிருப்போம், என்னவே," என்றார். அதற்கப்புறம் ஓசோனைப் பற்றி அவர் கேலி பேசி நான் கேட்டதில்லை.

சந்தனம் வைத்தது இசக்கிதான். அவனே வந்து சொன்னான். "நம்ம உசுரக் காக்குதது இதுதான்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய. அதான் மத்த மெசினவிட இதுக்குக் கொஞ்சம் கூடவே வச்சேன்."

திட்டவா முடியும்? அவன் பக்தியில் என்ன குறை?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கெமிக்கலை மாற்றினால், அதைச் சுற்றி வளர்ந்த பழக்கம் அத்தனையையும் ஒன்றொன்றாக எடுத்துப் பாருங்கள். சட்டம் கெமிக்கல் டிரம்மைத்தான் மாற்றும். மற்றதை நாம்தான் மாற்ற வேண்டும்.

இப்போதெல்லாம் சூடம் கேட்டுக்கு வெளியேதான். ஸ்பேனர் செட்டை அங்கே கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறோம். சென்சாருக்கு மட்டும் இசக்கி உள்ளே வந்து சந்தனம் வைக்கிறான். நாலு விரல் தள்ளி, சுவரில்.