ஏற்கெனவே என்பவரின் மனைவி

அந்த வீட்டில் 'ஏற்கெனவே' என்பது ஓர் ஆள். "ஏற்கெனவே, அந்தக் கத்திரியை எடுங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால், வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். சோபாவின் மூலையிலிருந்து நெடுநெடுவென்று ஒருவர் எழுந்து போய்க் கத்திரியை எடுத்துக் கொடுப்பார். அவர்தான் கணவர்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாதபோதுதான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், ஊரிலுள்ள மாடிப்படிகளையெல்லாம் ஏறி இறங்கியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்தார். முதலாளி நல்லவர், ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரி பில்லுக்கு மனைவியின் நகை போனது, வாங்கிப் போட்டிருந்த மனையும் போனது. குடியிருக்கும் வீடு மட்டும் தப்பியது.

அதற்கப்புறம்தான் மனைவிக்கு ஞானம் பிறந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் கூடப்பிறந்த தம்பியைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் மருத்துவ பாலிசி போடச் சொன்னாள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைப் பற்றிக் கம்பெனி எழுதியது: 'ஏற்கெனவே உள்ள நோய். ஏற்க இயலாது.' மறுவருஷம் கேட்டாள், அதே பதில். வேறொரு கம்பெனியில் கேட்டாள். அங்கும் அதே பதில்தான், காகிதம் மட்டும் கொஞ்சம் வழவழப்பு.

"பொண்ணு பாத்த காலத்துல கூட உங்களை இத்தனை பேர் வேண்டாம்னு சொன்னதில்லையே" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அவரும் ஆட்சேபிக்கவில்லை.

சிரிப்பதற்காக வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்கு உள்ளூர நடுக்கம். இன்னொரு தடவை அவர் நெஞ்சைப் பிடித்தால், விற்பதற்கு இந்த வீட்டை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதற்கப்புறம் இருவரும் நடுத்தெருவில்தான். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் இடது இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்கும் அவளுடைய வாயும் இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் மின்கம்பம் ஒன்றுகூட நேராக நிற்காது. 'ஸ்டியரிங்கை ஏன் கட்டிப்பிடிக்கிறீங்க, அது என்ன உங்க மாமியாரா' என்பது அவளுடைய முதல் பாடம்.

அந்தக் காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் பேக்கரிக்காரர். பெரிய உடம்பு, சின்ன தைரியம். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் மன்னிப்புக் கேட்பார். இரண்டாவது கியரைத் தாண்டியதே இல்லை. ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 'புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு பிரீமியம் உயரக்கூடும்' என்றது ஒரு குரல்.

டீச்சர் நடுரோட்டில் பிரேக்கை மிதித்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்றார் பேக்கரிக்காரர், வியர்த்துப்போய்.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. என்ன அநியாயம் பாருங்க. எங்க வீட்டு ஏற்கெனவேயை உள்ளேயே விடலை, அதுக்குள்ள காசை ஏத்துறாங்களாம். வண்டியை நேரா என் தம்பி ஆபீசுக்கு விடுங்க."

"அது மெயின் ரோடாச்சே."

"மெயின் ரோட்டுலயும் தார்தான் போட்டிருக்காங்க. விடுங்க."

இப்படியாகப் பேக்கரிக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக மெயின் ரோட்டைப் பார்த்தார். இரண்டு பஸ்களுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டதைத் தவிர வேறு அசம்பாவிதம் இல்லை. தம்பியின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. மேஜை, இரண்டு நாற்காலி, சிரிக்கும் குடும்பங்களின் காலண்டர்கள். பேக்கரிக்காரரும் தண்ணீர் குடிக்கலாமென்று கூடவே ஏறினார்.

"டேய், ஏற்கெனவேக்கு பிரீமியத்தை ஏத்துறாங்களாமே?"

"ஆமாக்கா, ஏறும்போலதான் இருக்கு" என்றான் தம்பி.

"வெளியில நிக்கிற மனுஷன்கிட்ட எப்படிடா ஏத்துவாங்க?"

"யாரு வெளியில நிக்கிறா? நீதான் எப்பவோ உள்ள வந்துட்டியே."

"நான் எப்படிடா ஏற்கெனவே ஆவேன்? ஏற்கெனவே இப்ப ஸ்டோர் ரூம்ல உக்காந்து போல்ட் எண்ணிட்டு இருக்காரு."

"யாரு ஏற்கெனவே எண்ணிட்டாங்க?" என்றார் பேக்கரிக்காரர், தம்ளரும் கையுமாக.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நிதானமா கேளு. யாருகிட்ட ஏற்கெனவே பாலிசி இருக்கோ, அவங்கதான் ஏற்கெனவே உள்ளவங்க. அது நீ."

"அப்ப உங்க மாமா?"

"மாமா ஏற்கெனவே நோய் உள்ளவர்."

"அதைத்தானே நானும் அப்பலேருந்து சொல்றேன்."

"எனக்குத் தலை சுத்துது" என்றார் பேக்கரிக்காரர்.

"அதை வெளியில சொல்லாதீங்க சார்" என்றான் தம்பி தொழில் பழக்கத்தில். "உங்க பேர்ல ஏற்கெனவேன்னு எழுதிடுவாங்க."

பிறகு ஒருவழியாக விஷயத்துக்கு வந்தான். "இதுவரைக்கும் நோய் இருந்தா வாசல்லயே நிறுத்திட்டாங்க. புதுச் சட்டப்படி நிறுத்தக்கூடாது. நோயைக் காட்டி அவங்ககிட்ட கூடுதலா வாங்கவும் கூடாது. சேர்ந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தாகணும். அந்தப் பணம் வானத்துலேருந்தா கொட்டும்? உன்னை மாதிரி கட்டிட்டு இருக்கறவங்க தலையிலதான் விடியும்."

"எவ்வளவு ஏறும்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது. கம்பெனிக்கே தெரியாது. நோயில்லாத இளவட்டங்களும் நிறையப் பேர் வந்து சேர்ந்தா, பாரம் பிரிஞ்சு கொஞ்சமா ஏறும். அவங்க நமக்கென்னன்னு இருந்துட்டு, முடியாதவங்க மட்டும் வந்து சேர்ந்தா நல்லாவே ஏறும். அரசாங்கம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்னு சொல்றாங்க. பிடிக்குமா, கையை விரிக்குமான்னு போகப் போகத்தான் தெரியும்."

இவ்வளவையும் அவன் மூச்சுவிடாமல் சொன்னான். டீச்சரின் காதில் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"இருடா. அப்ப அவரை உள்ள விடுவாங்களா?"

"விட்டுத்தான் ஆகணும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். காலண்டரில் சிரித்த குடும்பத்தைப் பார்த்துத் தானும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "ஏத்தச் சொல்லுடா, நல்லா ஏத்தச் சொல்லு" என்றாள். விலையேற்றத்துக்கு இப்படி ஒரு வரவேற்பைத் தம்பி தன் தொழிலில் கண்டதில்லை.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடமும் பாலிசி இருந்தது. "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. யாருக்கோ நெஞ்சு வலின்னா நான் எதுக்குங்க கூடக் கட்டணும்?"

"நாளைக்கே உங்களுக்கும் வரலாம் சார்" என்றான் தம்பி.

"சாபம் விடாதீங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் வாயாலேயே வறுத்திருப்பாள். "நீங்க கேக்கறது நியாயம்தான்" என்றாள். "உங்க இடத்துல இருந்தா நானும் கத்தியிருப்பேன். ஆனா இன்னிக்கு எனக்கு சந்தோஷம், என்னால மறைக்க முடியலை. என்னை மன்னிச்சுக்குங்க."

அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். திரும்பும் வழியில் அந்தக் கோபத்தில் மூன்றாவது கியரைப் போட்டார். டீச்சர் பார்த்தாள், பிரேக்கை மிதிக்கவில்லை. பிறகு ஒரு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது ஒரு பன் பொட்டலத்தை அவள் மடியில் வைத்து, "மாமாவுக்குக் கொடுங்க, சர்க்கரை போடலை" என்றார். சட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை.

சட்டம் வந்தது. பிரீமியமும் ஏறியது, கொஞ்சமாக ஒன்றும் இல்லை. தெருவில் எல்லாரும் புலம்பினார்கள். டீச்சர் சாயங்காலத்தில் ஒரு வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டாள். கால் வலித்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முணுமுணுத்தாள், முணுமுணுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். பைத்தியம் முற்றிவிட்டது என்று மாணவர்கள் நினைத்திருக்கலாம்.

ஒரு மாலை தம்பியிடமிருந்து போன் வந்தது. மாமாவைச் சேர்த்தாகிவிட்டது, இன்று முதல் செல்லும் என்றான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடினாள். அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருவழியா உங்களை ஒருத்தர் ஏத்துக்கிட்டாங்க" என்றாள். அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தலையைச் சுற்றி வீசினாள். "இனிமே நீங்க தும்மினாக்கூட கம்பெனி ஓடி வரும்."

அவர் புன்னகைத்தார். "நெஜமாவே இன்னிலேருந்தா?"

"இன்னிலேருந்துதான்."

"கொஞ்ச நாள் பொறுக்கணும்னு ஏதாவது போட்டிருப்பாங்களே."

"ஒண்ணும் கிடையாது. இந்த நிமிஷமே போய்ப் படுத்தாலும் கொடுப்பாங்க. சும்மா கேட்டதையே கேக்காதீங்க."

அவர் மடித்து வைத்த துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிவிட்டு எழுந்து நிற்கும் பிள்ளையைப்போல் அவளைப் பார்த்தார்.

"அப்ப சொல்லிடறேன். கொஞ்ச நாளா நெஞ்சுல வலி இருக்கு. பழைய வலிதான். ராத்திரியில ஜாஸ்தியா வருது."

துண்டு அவள் கையிலேயே நின்றது.

"எத்தனை நாளா?"

"ரேடியோவுல சொன்னாங்கன்னு நீ சிரிச்சுக்கிட்டே வந்தியே, அதுக்கும் முன்னாலேருந்து. சொன்னா என்னைத் தூக்கிட்டு ஓடிடுவே, வீட்டை வித்துடுவே. அதான் பொறுத்துப் பாப்போம்னு இருந்துட்டேன்."

திட்டுவதற்கு அவளிடம் ஒரு அகராதியே உண்டு. வாயைத் திறந்தாள். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"வாங்க, போலாம்" என்றாள்.